அஞ்சாம் நம்பர் பழுப்பு ஜோடி

பூட்ஸுக்குள் முக்கால் கையை விட்டுத் துழாவிக்கொண்டே பிரிஸில்லா பேசுகிறாள். உள்ளங்கையால் அல்ல, புறங்கையால். பதினொரு வருடமாக அட்டைப்பெட்டிகளைக் கிழித்துக் கிழித்து அவளுடைய விரல் நுனிகள் காய்த்துப்போய்விட்டன. தையலில் ஒரு முடிச்சு இருந்தால் அவற்றுக்குத் தெரியாது. புறங்கைத் தோலுக்குத் தெரியும்.

"இங்க ஒரு நூலு முட்டுது மோளே. இப்பம் ஒண்ணும் தோணாது. பன்னிரண்டு மணிக்கூர் டூட்டி பாத்துட்டு இறங்கும்போ இது கத்தி மாதிரி அறுக்கும்."

நகவெட்டியால் அந்த நூலை நறுக்கி எடுத்து, தரையில் போடாமல் தன் மேல்கோட்டுப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் பூட்ஸை வாங்க வந்தவளின் காலருகே வைக்கிறாள்.

ஆரியசாலையில் மொத்த வியாபாரக் கடைகளுக்கு நடுவே இருக்கிறது அவள் வேலை பார்க்கும் பூதலிங்கத்தின் செருப்புக்கடை. முன்பக்கம் முழுக்கப் பள்ளிக்கூட ஷூக்களும் மழைக்காலச் செருப்புகளும் தொங்கும். பின்பக்கம், மாடிப்படிக்குக் கீழே, பெண்களுக்கான பூட்ஸ். அதற்குப் பூதலிங்கம் வைத்த பெயர் 'பாரின் செக்ஷன்'. சாக்ஸ் போட்டால் அரைமணியில் கால் நனைந்துபோகிற திருவனந்தபுரத்தில் பூட்ஸ் யாருக்கு என்று கேட்கலாம். இந்த ஊர் பூட்ஸ் போடுவதில்லை. போட்டுக்கொண்டு இந்த ஊரை விட்டுப் போகிறவர்கள் வாங்குகிறார்கள். எல்லாரும் நர்ஸுகள். அடுத்த தெருவில் ஜெர்மன் சொல்லித்தரும் வகுப்புகள் இரண்டு இருக்கின்றன. பனிக்கும் குளிருக்கும் அங்கே வார்த்தை கற்றுக்கொண்டு, கையில் விசாவோடு நேரே இங்கே வருகிறார்கள்.

வருகிறவர்கள் எல்லாரும் செய்கிற தவறு ஒன்றுதான். வெறுங்காலில் போட்டுப் பார்த்து, கச்சிதமாக இருக்கிறது என்று வாங்கிவிடுகிறார்கள். இங்கே கச்சிதமாக இருப்பது அங்கே தடித்த கம்பளி சாக்ஸுக்கு மேலே ஏறாது. முதல் வருடங்களில் பிரிஸில்லாவும் அப்படித்தான் விற்றாள். ஜெஸ்லின் என்ற பெண்ணுக்கு ஒரு சித்திரை மாதத்தில் அப்படி ஒரு ஜோடியைக் கட்டிக்கொடுத்தாள். தை மாதம் போனில் ஒரு படம் வந்தது. பெருவிரல் கறுத்து, நகம் பாதி பெயர்ந்து நின்றது. ஜெஸ்லின் திட்டவில்லை. 'சேச்சி, சாக்ஸ் இட்டப்போ கேறினதே இல்ல. வேற வாங்கான் சம்பளம் வரணும்' என்று மட்டும் எழுதியிருந்தாள். திட்டியிருந்தால் பிரிஸில்லா மறந்திருக்கக்கூடும். அந்த வருடமே இன்னொரு நர்ஸிடம் சொல்லி அங்கிருந்து ஒரு ஜோடி கம்பளி சாக்ஸ் வரவழைத்தாள். சாம்பல் நிறம், முழங்காலுக்குக் கீழே வரை. அதைப் போடாமல் அவளிடம் எவளும் பூட்ஸுக்குள் கால் வைக்க முடியாது.

"சேச்சி, விசர்த்து ஒழுகுது!"

"ஒழுகட்டும். அங்க போயி அழுறதுக்கு இங்க வேர்க்கிறது நல்லதாக்கும்."

பெண்கள் போனில் படம் காட்டுவார்கள். ஊசிக் குதிகால், கூர்மூக்கு, முழங்கால் வரை பளபளப்பு. பிரிஸில்லா படத்தைப் பார்ப்பாள், பிறகு அந்தப் பெண்ணின் காலைப் பார்ப்பாள். பிறந்தது முதல் வார்ச்செருப்பில் வளர்ந்த கால்கள். பெருவிரல் தனியாக விலகி, சுண்டுவிரல் வெளியே எட்டிப்பார்த்து, விசிறி மாதிரி விரிந்து கிடக்கும். கூர்மூக்கு பூட்ஸைச் செய்தவன் இந்தக் காலை ஒருநாளும் பார்த்ததில்லை.

"ஸ்டைலு வேண்டாம்னு நான் சொல்லல்ல மோளே. ஸ்டைலு வேணும். ஆனா ஸ்டைலா நொண்டப்பிடாது."

அழகுக்கும் அவளிடம் கணக்கு உண்டு. பூட்ஸின் வாய் கணுக்காலின் மிக ஒல்லியான இடத்தில் முடிய வேண்டும், அப்போதுதான் கால் நீளமாகத் தெரியும். குதிகால் இரண்டு விரல் உயரம், கட்டையாக. நிறம் கறுப்பு வேண்டாம், பழுப்பு. "அங்க பனி உருகுறதுக்கு ரோட்டில உப்பு போடுவாங்க. கறுப்பில உப்பு பட்டா சுண்ணாம்பு தேச்ச மாதிரி இருக்கும். பழுப்பில அவ்வளவு தோணாது."

பனியை அவள் கண்டதில்லை. பாறசாலைக்குத் தெற்கே, கேரளமும் தமிழ்நாடும் உரசுகிற இடத்தில் அவள் வீடு. அவள் போன மிகத் தொலைவான ஊர் வேளாங்கண்ணி. ஆனால் வாங்கிப்போகிற ஒவ்வொருத்தியிடமும் ஒரே ஒரு வேண்டுகோள் வைப்பாள். "போய்ச் சேந்ததும் காலைப் போட்டோ எடுத்து அனுப்பணும். முகம் வேண்டாம். கால் மட்டும் போதும், நிக்கிற தரையோட." அப்படி வந்த படங்கள் அவளுடைய போனில் அறுபதுக்கு மேல் இருக்கின்றன. டிராம் நிறுத்தத்துக் கருங்கல், ஆஸ்பத்திரிப் படிக்கட்டின் இரும்பு வலை, உதிர்ந்த மஞ்சள் இலைகள், பிறகு பனி. இரவு ரயிலில் பாறசாலை வரை அவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே போவாள். ஹனோவர் என்றால் அவளுக்குச் சறுக்குகிற கல். லைப்ஸிக் என்றால் ஈரச் செங்கல். வானமும் கட்டடமும் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை.

பிளஸ் டூ முடித்தபோது நர்ஸிங் படிக்க அவளும் விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தாள். தம்பியின் ஐ.டி.ஐ. முதலில் என்று வீட்டில் முடிவாயிற்று. தம்பி ஐ.டி.ஐ.யை முடிக்கவில்லை. அவளுக்கு இப்போது நாற்பத்துநான்கு வயது.

இத்தனை கால்களுக்குப் பூட்ஸ் மாட்டிவிடுகிற பிரிஸில்லா கடைக்குள் வெறுங்காலோடு நிற்கிறாள். காலை ஒன்பதரைக்கு வாசற்படிக்குக் கீழே ஹவாய் செருப்பைக் கழற்றினால் இரவு எட்டு மணிக்குத்தான் மறுபடி மாட்ட வேண்டும். கடையின் முறை அது. கல்லாவுக்கு மேலே லட்சுமி படம் இருக்கிறது, வேலை செய்கிறவர்கள் செருப்போடு வரக்கூடாது என்பார் பூதலிங்கம். வாங்க வருகிறவர்கள் சாலைச் சேற்றோடு செருப்புக் காலில்தான் உள்ளே வருகிறார்கள். அது லட்சுமிக்கு உறுத்துவதில்லை. விற்கிறவளின் செருப்புத்தான் உறுத்துகிறது. பூதலிங்கத்தின் காலில் ரப்பர் மெத்தை வைத்த மிருதுவான செருப்பு ஒன்று எப்போதும் இருக்கும். அவருக்குச் சர்க்கரை, டாக்டர் சொல்லியிருக்கிறார். டாக்டர் சீட்டு இருந்தால் லட்சுமி விட்டுக்கொடுப்பாள் போலிருக்கிறது.

உட்காருவதும் அப்படித்தான். கடையில் வேலை செய்யும் பெண்கள் உட்காரலாம் என்று கேரளத்தில் சட்டம் வந்து வருடங்கள் ஆயின. சட்டம் வந்ததும் கடைக்கு ஒரு ஸ்டூலும் வந்தது. இப்போது அதில் சைஸ் நாலு பள்ளிக்கூட ஷூப் பெட்டிகள் உட்கார்ந்திருக்கின்றன. பிரிஸில்லாவின் இடது காலில் நரம்பு நீலமாக முறுக்கிக்கொண்டு முழங்கால் வரை ஏறிவிட்டது. கேட்டால், "ரெயிலில இருந்துதானே வாறேன்" என்பாள். அதுவும் ரயிலில் உட்கார இடம் கிடைக்கிற நாளில்தான்.

அவளுடைய கால் அஞ்சாம் நம்பர்.

ஐந்து மாதத்துக்கு முன்பு வந்த சரக்கில் அதே நம்பரில் ஒரு ஜோடி இருந்தது. அடர்பழுப்பு, கணுக்கால் உயரம், பக்கவாட்டில் ஜிப், முன்பக்கம் தாராளமான அகலம். பெட்டியைத் திறந்து புறங்கையை உள்ளே விட்டவள் வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை. ஒரு முடிச்சு இல்லை, ஒரு மேடு இல்லை. விரிந்த கால் ஒன்றை நேரில் பார்த்த யாரோ ஒருவன் அதைச் செய்திருக்க வேண்டும். அந்த மாடலில் மற்ற ஜோடிகள் விற்றுப்போய்விட்டன. இந்த ஒன்று மட்டும் 'ஜென்ட்ஸ் ஒன்பது' என்று எழுதிய பெட்டிக்குள் போய், மேல் அடுக்கின் கடைசியில் இருக்கிறது. அதை அங்கே வைத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை.

வாங்கிவிட வேண்டியதுதானே? வாங்கி எங்கே போட்டுக்கொண்டு போவது? பாறசாலை ரயிலிலா, ஞாயிற்றுக்கிழமை சபைக்கா? கடைக்குப் போட்டு வந்தால் வாசலில் கழற்ற வேண்டும். கணவன் நேசமணி சிமெண்ட் வேலைக்காரன். ஒருநாள் அவனிடம் பேச்சுவாக்கில் சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டு, "எதுக்கு பிள்ளே, போலீஸில சேரப் போறியா?" என்றான். அவளுக்கு வேண்டியது சொந்தம் கொண்டாடுவதும் அல்ல. ஒரே ஒரு முறை கால் நுழைத்து, நிமிர்ந்து, தரையில் நடந்து பார்க்க வேண்டும். சரக்கில் வேலையாள் கால் வைக்கக்கூடாது என்பது கடையின் இன்னொரு முறை. அதனால் மதியம் பூதலிங்கம் சாப்பிடப் போகிற நேரத்தில் ஏணியில் ஏறி, இரண்டு கையையும் இரண்டு பூட்ஸுக்குள் விட்டு, மேல் அடுக்கின் பலகையில் மெல்ல நடத்திப் பார்த்திருக்கிறாள். இடது, வலது, இடது. அவ்வளவுதான்.

மழை விட்டிருந்த ஒரு ஆனி மாதச் சனிக்கிழமை பக்கத்து வலியசாலையிலிருந்து ஸ்ரீப்ரியா வந்தாள். ஆறு வருட நர்ஸ், அடுத்த செவ்வாய் விமானம். கூடவே மாமியார் கோமதியம்மாள். பிரிஸில்லா காலைத் தொட்டுப் பார்த்தாள். அஞ்சாம் நம்பர், நல்ல அகலம், இரண்டு காலிலும் இரண்டாவது விரலில் மெட்டி, அதுவும் முத்து வைத்த தடித்த மெட்டி. கம்பளி சாக்ஸை ஏற்றி ஒன்று, இரண்டு, மூன்று என்று ஜோடிகளை மாற்றினாள். எல்லாம் மெட்டியில் போய் முட்டி நின்றன. ஸ்ரீப்ரியா உதட்டைக் கடித்தாள்.

"மெட்டியக் கழட்டினா இந்த ரெண்டாமத்த ஜோடியே போதும் மோளே."

பெஞ்சின் மறுமுனையில் இருந்து கோமதியம்மாள் தலையை அசைத்தார். "அது நடக்காது. கல்யாணம் கழிஞ்ச பெண்ணு மெட்டியக் கழட்டப்பிடாது. என் பிள்ளை நல்லா இருக்கணும்லா?"

"கழட்டிப் பத்திரமா பையில வச்சுக்கிட்டா போதாதா அம்மா?" என்றாள் பிரிஸில்லா.

"பையில கிடந்தா அது மெட்டி இல்ல. வெறும் வெள்ளியாக்கும்."

ஒரு ஆணின் ஆயுளை அவன் மனைவியின் கால்விரலில் மாட்டிவைத்தது யார் என்று கோமதியம்மாளிடம் கேட்டுப் பயனில்லை. அவருடைய காலிலும் அது நாற்பது வருடமாக இறுகிக் கிடந்தது, விரலில் பள்ளம் விழுந்திருந்தது. பிள்ளையின் காலில் ஒன்றும் இல்லை. அவன் காரை நிறுத்த இடம் தேடிச் சாலையைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"விடுங்க சேச்சி," என்றாள் ஸ்ரீப்ரியா தணிந்த குரலில். "அம்மைக்குப் பயமாக்கும். முன்னால கொஞ்சம் அகலம் உள்ளது வேற உண்டோ? அஞ்சில?"

'இல்ல' என்று ஒரு வார்த்தை போதும். பெட்டியின் மேல் ஜென்ட்ஸ் ஒன்பது என்று எழுதியிருக்கிறது, பூதலிங்கத்துக்கே தெரியாது. பிரிஸில்லா வாயைத் திறந்தாள். இல்லை என்று சொன்னால் இந்தப் பெண் அடுத்த கடைக்குப் போவாள். அங்கே கூர்மூக்கு ஒன்றை வெறுங்காலில் மாட்டிவிட்டு, சூப்பர் என்பார்கள். தை மாதம் வரும். அவள் ஸ்ரீப்ரியாவின் பெருவிரல் நகத்தைப் பார்த்தாள். இளஞ்சிவப்பாக, முழுசாக இருந்தது.

"ஒண்ணு உண்டு. இரி, எடுத்துட்டு வாறேன்."

ஏணியில் ஏறி அந்தப் பெட்டியை இறக்கினாள்.

"எம்மா, அது ஜென்ட்ஸ் பெட்டில்லா?" என்றார் கல்லாவிலிருந்து பூதலிங்கம்.

"பெட்டி மாறிப் போச்சு அண்ணாச்சி."

"அஞ்சு மாசமா மாறிக் கிடந்திருக்கு, உனக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சுதாக்கும்."

பிரிஸில்லா பெட்டியை ஸ்ரீப்ரியாவின் காலருகே வைத்தாள். மண்டியிட்டு, ஜிப்பைத் திறந்து பிடித்தாள். கம்பளியும் மெட்டியுமாக ஸ்ரீப்ரியாவின் கால் எங்கும் முட்டாமல் உள்ளே போய் இருந்துகொண்டது. அவள் எழுந்து நின்றாள். பூட்ஸின் வாய் கணுக்காலின் ஒல்லியான இடத்தில் சரியாக முடிந்திருந்தது.

"அய்யோ சேச்சி, இது கொள்ளாம்! அழகா இருக்கு!"

"காலு அடக்கமாத் தெரியுது" என்று கோமதியம்மாளும் ஒத்துக்கொண்டார். "பாக்க நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இருக்கு மோளே" என்றாள் பிரிஸில்லா. விரல் நுனிக்கும் தோலுக்கும் நடுவே இடம் இருக்கிறதா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். தேவைக்கு மேல் கொஞ்சம் நேரம் அந்தக் கை அங்கேயே இருந்தது. பிறகு எழுந்து, எல்லாரிடமும் சொல்வதை இவளிடமும் சொன்னாள். "கடைக்குள்ள இந்த விரிப்பில நடந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. விரிப்பு எல்லா பூட்ஸையும் நல்லதுன்னுதான் சொல்லும். படி இறங்கி, ரோட்டில அந்த ஏத்தம் வரைக்கும் போயிட்டு வா. குதிகால் தூக்குதா, முன்னால இடிக்கான்னு அப்பம் தெரியும்."

கோமதியம்மாள் பதறிப்போனார். "ரோட்டிலயா? சனிக்கிழமையும் அதுவுமா வலியசாலைக்காரங்க பாதிப் பேரு சாமான் வாங்க இந்த வழிதான் போவாங்க. பூட்ஸும் போட்டுட்டு நடு ரோட்டில நடந்தா, இந்தக் குடும்பத்துப் பெண்ணுக்கு என்ன வந்துதுன்னு கேக்க மாட்டாங்களா? போற இடத்தில போட்டா போதும்."

"அங்க போயிட்டு முட்டினா ஆரு மாத்தித் தருவா அம்மா?" என்ற ஸ்ரீப்ரியா, சட்டென்று பிரிஸில்லாவின் காலைப் பார்த்தாள். வெறுங்காலை, வெடித்த குதிகாலை, முறுக்கிய நீல நரம்பை. நர்ஸின் கண் ஒரு நொடி அந்த நரம்பில் நின்றது. "சேச்சிக்கு எத்தர நம்பர்?"

"அஞ்சு."

"அப்ப சேச்சி இட்டு நடங்க. எனிக்கு பின்னால இருந்து பாக்கவும் செய்யலாம்."

பிரிஸில்லா கல்லாவைத் திரும்பிப் பார்த்தாள். பூதலிங்கம் ஏற்கனவே கையை உயர்த்தியிருந்தார். "அது முடியாது மோளே. ஸ்டாஃப் சரக்கில கால் வைக்கப்பிடாது. லட்சுமி இருக்கிற இடம், கடைக்குன்னு ஒரு முறை இருக்குல்லா."

"நல்ல முறை!" என்றார் கோமதியம்மாள். "எங்க பெண்ணு ரோட்டில நடக்க மாட்டா. உங்க பெண்ணும் நடக்க மாட்டா. பின்ன பூட்ஸு தானா நடக்குமா? கழட்டு பெண்ணே. பழவங்காடி பக்கம் வேற கடை இருக்கு."

இரண்டு முறைகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. மோதிய இடத்தில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்குச் சந்து விழுந்தது. ஐந்து மாதம் விற்காத ஒரு ஜோடி, எழுந்து நிற்கிற ஒரு வாடிக்கை. பூதலிங்கம் படத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"செரி, செரி. போட்டுக் காட்டு. சட்டுனு போயிட்டு வா."

ஸ்ரீப்ரியா பூட்ஸைக் கழற்றி, சாக்ஸையும் உருவி நீட்டினாள். "சாக்ஸ் இல்லாம இடக்கூடாது, கேட்டோ" என்று சிரித்தாள்.

பிரிஸில்லா நின்றபடியே மாட்டப் பார்த்தாள், முடியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தாள். சாக்ஸை உள்ளே கை விட்டு விரித்து, பச்சைப்பிள்ளைக்கு மாட்டுகிற மாதிரி விரல்களில் கோத்து, மேலே இழுத்தாள். பூட்ஸுக்குள் முதலில் வழக்கப்படி புறங்கை போயிற்று. அதை அவளே வெளியே இழுத்துக்கொண்டு காலை விட்டாள். இரண்டு ஜிப்பும் ஏறின. எழுந்தாள். இரண்டு விரல் உயரம் கூடியிருந்தது. ஏணி இல்லாமலே கடையின் நடு அடுக்கின் மேல் இருக்கிற தூசி தெரிந்தது.

கல்லாவைத் தாண்டி, லட்சுமி படத்தைத் தாண்டி நடந்தாள். படத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்த சின்னச் சின்ன பல்புகளில் ஒன்றும் அணையவில்லை. மூன்று படி இறங்கினாள். சாலையில் மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்தது. சுமட்டுத் தொழிலாளிகள் அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள்; ஒருவன் திரும்பிப் பார்த்து, "எந்தா பிரிஸில்லா சேச்சி, பாரினுக்கா?" என்றான். "ஓ, இப்பம் பிளைட்டு" என்று அவள் நடந்துகொண்டே சொன்னாள். ஈரமான கல்லில் கால் வைத்தாள். ஈரம் உள்ளே வரவில்லை. ஜல்லி மேல் வைத்தாள், ஜல்லி குத்தவில்லை. ஏற்றத்தில் குதிகால் தூக்கவில்லை, இறக்கத்தில் விரல் இடிக்கவில்லை. ஏற்றத்தின் உச்சி வரை போய்த் திரும்பி வந்தாள்.

வாசலில் ஸ்ரீப்ரியாவும் கோமதியம்மாளும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பூதலிங்கம் பில் புத்தகத்தோடு நின்றார்.

"எங்ஙனே உண்டு சேச்சி? எங்கயாவது முட்டுதோ?"

பிரிஸில்லா முதல் படியில் ஒரு காலை வைத்தாள். இந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இல்லாமல் இருந்ததில்லை. இதற்கும் முதல் பத்தடியிலேயே பதில் தெரிந்துவிட்டது, எங்கும் முட்டவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு குனிந்து பூட்ஸைப் பார்த்தாள்.

"ஒண்ணும் நிச்சயமாச் சொல்லத் தெரியல்ல மோளே" என்றாள். "இன்னும் ஒருக்கா நடந்து பாத்துட்டுச் சொல்லுதேன்."

படியில் வைத்த காலை எடுத்து, சாலைப் பக்கம் திரும்பினாள்.